வீட்டு மின்சாரமும் பெட்ரோலும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டுமென்பது நம்மவர் பழமொழி. அளவாமற் போடுவது மாத்திரமன்று, அளவாமற் பேசுவதும் தீங்கேயாம். மின்சார மோட்டார்க் காரைப் பற்றி இந்நாளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இத்தகையது. "வீட்டிலே சார்ஜ் போட்டால் ஓட்டுவதற்குச் செலவே இல்லை" என்பார் ஒருவர். "பெட்ரோலில் மிச்சமாகும் பணமெல்லாம் கரண்டுப் பில்லில் கரைந்துபோம்" என்பார் மற்றொருவர். இருவரும் உறுதியாகவே பேசுகின்றனர். ஆயினும் இருவர் கையிலும் கணக்கில்லை. கல்லூரியிற் பயின்றோரும் பயில்வோரும் இவ்வாறு கேள்விச் செய்தியைக் கொண்டு முடிவு கட்டுதல் தகாது. ஆதலின் இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்து, அது காட்டும் முடிவையும், அம்முடிவினின்று நமக்குண்டாகும் கடமையையும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்சாரக் கார் நேற்றுத் தோன்றிய புதுமையென்று எண்ணற்க. 1899-ஆம் ஆண்டிலேயே பெல்ஜிய நாட்டவராகிய கமீல் ஜெனட்சி என்பார் மின்சார வண்டியொன்றில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்து ஓட்டினார். 1900-ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவில் ஓடிய மோட்டார் வண்டிகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று மின்சாரத்தால் ஓடியவையே. பின்னர் அவை மறைந்ததற்குக் காரணங்கள் பல. 1901-இல் டெக்சாஸில் பெரும் எண்ணெய் ஊற்று வெளிப்பட்டது. 1908-இல் ஹென்றி போர்டு மலிவான காரைச் செய்து வெளியிட்டார். 1912-இல் கையால் முடுக்காமலே எஞ்சினை இயக்கும் கருவி பெட்ரோல் கார்களில் வந்து சேர்ந்தது. இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. அந்நாளில் நகர்ப்புறத்தைக் கடந்தால் வீடுகளில் மின்சாரமே இல்லை. பெட்ரோலைத் தகரத்தில் வாங்கி எங்கும் கொண்டுபோகலாம். மின்சாரத்தையோ வீட்டில் வைத்திருப்பவனே வண்டிக்கு ஊட்ட முடியும். இக்காரணத்தை நேயர்கள் நினைவில் வைப்பார்களாக. நூறாண்டு கழிந்தும் இது வேறொரு வடிவில் நம்மிடையே நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

மின்சாரம் மலிவாக முடிவதற்கு இயற்கையிலேயே ஒரு காரணமுண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய வெப்பத்தை மின்சார அளவையாற் கூறின் ஏறத்தாழ 9 யூனிட் ஆகும். அந்த ஒரு லிட்டரால் சிறிய கார் நகரத்தில் 15 கிலோமீட்டர் ஓடுமாயின், யூனிட்டொன்றுக்கு 2 கிலோமீட்டரும் முழுமையாக ஓடவில்லை. மின்சாரக் காரோ, சுவரிலுள்ள இணைப்பிலிருந்து எடுத்த ஒரு யூனிட்டைக் கொண்டு, மின்னேற்றும்போது நேரும் இழப்புப் போக, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடுகின்றது. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எந்திரமும் தான் பெற்றதில் ஒரு பகுதியை இழந்தே தீருமென்பதை 1824-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் சாதி கார்னோ விளக்கினார். அனல் மின்நிலையத்துக்கும் இவ்விதி பொருந்துமன்றோ என்று பௌதிக மாணவர் வினவலாம். பொருந்தும், அங்கும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீணாகின்றது. ஆயினும் நிலக்கரி மலிவான எரிபொருள். காற்றும் வெயிலும் எரிபொருளே வேண்டாதவை. ஆதலின் வீணானது போக எஞ்சிய மின்சாரமும் பெட்ரோலினும் மலிந்தே நம் வீடு வந்து சேர்கின்றது.

இனிக் கணக்குக்கு வருவோம். நம் தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் 2022 செப்டம்பரில் மாற்றியமைக்கப்பட்டது. அதன்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்கு மேற்போகாத வீடுகளுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 400 வரை முழுதும் 4 ரூபாய் 50 காசு வீதமாகிவிடும். அதன்மேல் 500 வரை 6 ரூபாய், 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10, அதற்கும் மேல் 11 ரூபாய். அதே மாதத்தில் சென்னையில் பெட்ரோல் லிட்டருக்கு 102 ரூபாய் 63 காசு விற்றது. இரண்டும் ஒரே காலத்து விலையாதலால் இவற்றையே ஒப்புநோக்குக்குக் கொள்கிறோம். பின்னர் 2024 மார்ச்சில் பெட்ரோல் ஏறத்தாழ 2 ரூபாய் இறங்கியதும், அவ்வாண்டு ஜூலையில் மின்கட்டணம் நூற்றுக்கு 5-க்குச் சற்றுக் குறைவாக ஏறியதும் உண்மையே. அவற்றால் எண்கள் சிறிது அசையுமேயன்றி முடிவு மாறாது.

நாள்தோறும் 30 கிலோமீட்டர் ஓடும் காரொன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் அது 1,800 கிலோமீட்டர் ஓடும். பெட்ரோல் காராயின் 120 லிட்டர் வேண்டும். விலை 12,316 ரூபாய். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 84 காசு. மின்சாரக் காராயின் 300 யூனிட் வேண்டும். அந்த 300 யூனிட்டுக்கு விலை என்ன? இங்கேதான் பலரும் வழி தவறுகின்றனர்.

பலர் தம் மின்கட்டணச் சீட்டை எடுத்து, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, அந்தச் சராசரியைக் காருக்குரிய விலையாகக் கொள்கின்றனர். இது பொருந்தாது. விளக்கும் விசிறியும் குளிர்பெட்டியும் கார் வருவதற்கு முன்னரே அவ்வீட்டில் இருந்தவை. மலிவான படிகளை அவை முன்னரே உண்டுவிட்டன. கார் ஏறி அமர்வது படிக்கட்டின் உச்சியிலேதான். ஆதலின் காரில்லாத நாளில் வந்த கட்டணத்தையும் கார் வந்தபின் வந்த கட்டணத்தையும் எழுதி, ஒன்றை மற்றொன்றினின்று கழிப்பதே நேரிய முறை.

மூன்று வீடுகளை எண்ணுவோம். முதல் வீடு இரண்டு மாதத்தில் 180 யூனிட்டே செலவிடும் சிறு குடும்பம். கட்டணம் 180 ரூபாய். கார் வந்தபின் 480 யூனிட்டாகிக் கட்டணம் 1,605 ஆகும். காருக்குரியது 1,425 ரூபாய். கிலோமீட்டருக்கு 79 காசு. இரண்டாவது வீடு 400 யூனிட் செலவிடுவது; கட்டணம் 1,125 ரூபாய். கார் வந்தபின் 700 யூனிட்டாகிக் கட்டணம் 3,650 ஆகும். காருக்குரியது 2,525 ரூபாய்; கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 40 காசு. மூன்றாவது வீடு, அறைதோறும் குளிர்சாதனம் ஓடி முன்னரே 1,000 யூனிட்டை எட்டிய பெரிய வீடு. அங்குக் காரின் ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய். ஆக 3,300 ரூபாய். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 83 காசு.

இரண்டாவது வீட்டுக்காரர் சராசரி முறையிற் கணக்கிட்டிருந்தால், யூனிட்டுக்கு 5 ரூபாய் 21 காசு என்று கொண்டு, காருக்கு 1,564 ரூபாயே செலவென்று மகிழ்ந்திருப்பார். உண்மைச் செலவு அதைவிட 961 ரூபாய் அதிகம். 500-ஐத் தாண்டியதால் அவர் முன்பு பெற்றுவந்த அரைவிலைச் சலுகையும் போயிற்று. அந்த 225 ரூபாயும் காரின் கணக்கிலேயே சேரும். கரண்டுப் பில்லைக் கண்டு அஞ்சுவோரின் அச்சம் முற்றும் பொய்யன்று என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் அவ்வச்சம் முடிவை மாற்றவல்லதன்று. மிக உயர்ந்த கட்டணம் செலுத்தும் மூன்றாவது வீட்டுக்கும், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 84 காசுக்குப் பதில் 1 ரூபாய் 83 காசே ஆகின்றது. பெட்ரோற் செலவில் இது நாலிலொரு பங்குக்குச் சற்றே மேல். இரண்டாவது வீட்டில் ஐந்திலொரு பங்கு. முதல் வீட்டில் எட்டிலொரு பங்குக்கும் குறைவு. "செலவே இல்லை" என்பாரும் பிழைபட்டார். "எல்லாம் கரைந்துபோம்" என்பாரும் பிழைபட்டார். பின்னவர் பிழையே பெரிது.

ஓட்டும் செலவு மலிவென்பதனாலேயே கார் மலிவென்று கொள்ளலாகாது. ஒத்த தரமுள்ள பெட்ரோல் காரினும் மின்சாரக் காருக்கு முதல்விலை கூடுதல். அக்கூடுதல் 3 லட்ச ரூபாய் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டும் இரண்டாவது வீட்டாருக்கு ஆண்டில் ஏறக்குறைய 58,700 ரூபாய் மிச்சமாதலால், ஐந்தாண்டுக்குச் சற்று மேலாகக் கூடுதல் விலை திரும்பும். அவரே நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் மாத்திரம் ஓட்டுவாராயின், ஆண்டு மிச்சம் 21,000 ரூபாயே. கூடுதல் விலை திரும்பப் பதினான்கு ஆண்டுகள் செல்லும். மின்கலத்துக்கு உற்பத்தியாளர் தரும் உறுதி பெரும்பாலும் எட்டாண்டே. ஆகவே கடைத்தெருவுக்கும் திருமண வீட்டுக்கும் மாத்திரம் காரை வெளியே எடுப்பவர், சிக்கனத்தைக் காரணமாகக் காட்டி மின்சாரக் காரை வாங்குதல் பொருந்தாது. அவர் புகையின்மைக்காக வாங்கலாம், ஓசையின்மைக்காக வாங்கலாம். அவை நல்ல காரணங்களே. மிச்சம் என்பது மிகுதியாக ஓட்டுவோருக்கே உரியது.

இந்த மிச்சம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் மறைத்தலாகாது. நாம் கொண்ட பெட்ரோல் விலையில் இந்திய அரசாங்கத்தின் கலால் வரி லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசு. தமிழ்நாட்டு வரி நூற்றுக்கு 13 வீதமும், அதனோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். இரண்டும் சேர்ந்து 40 ரூபாயைத் தாண்டும். பெட்ரோல் காரில் 15 கிலோமீட்டர் செல்பவர் அத்தொகையைப் பொதுப் பணத்துக்குச் செலுத்துகிறார். மின்சாரக் காரில் செல்பவர் செலுத்துவதில்லை. அன்றியும் மின்சார வண்டிகளின் மேலுள்ள சரக்கு சேவை வரி 2019 ஆகஸ்டில் நூற்றுக்கு 12-லிருந்து 5-ஆகக் குறைக்கப்பட்டது. இரண்டாவது வீட்டாரின் மிச்சத்தில் ஏறக்குறையப் பாதி, செலுத்தாத வரியேயாம். வரியை முற்றும் நீக்கி ஒப்பிட்டாலும் பெட்ரோல் கிலோமீட்டருக்கு 4 ரூபாயளவில் நிற்குமாதலால், மின்சாரத்தின் மேன்மை குன்றாது. ஆயினும் இம்மிச்சத்தில் ஒரு பகுதி பொதுமக்கள் விட்டுக்கொடுத்த பணம் என்பது தெளிவு. பொதுமக்கள் விட்டுக்கொடுத்த பணம் யாரைச் சென்று சேர்கின்றது என்று வினவும் உரிமையும் பொதுமக்களுக்கு உண்டு.

இவ்வினாவே இக்கட்டுரையின் உயிர்நிலை. மேலே கூறிய கணக்கு முழுவதும் ஒரு சிறு சொல்லின்மேல் நிற்கின்றது. அச்சொல் "வீட்டில்" என்பது. சொந்த வீடு, வண்டி நிற்க இடம், தன் பெயரில் மீட்டர், அதிலிருந்து வண்டிவரை நல்ல மண்ணிணைப்போடு கூடிய கம்பி ஆகிய இந்நான்கும் உடையவனுக்கே 79 காசும் 1 ரூபாய் 40 காசும். வாடகை வீட்டின் மாடியில் குடியிருந்து தெருவோரத்தில் வண்டியை நிறுத்துபவன் பொது மின்னேற்று நிலையத்தையே நாட வேண்டும். விரைவாக மின்னேற்றும் அந்நிலையங்களில் யூனிட்டொன்று 20 ரூபாயளவில் விற்கின்றது. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 33 காசு ஆகும். அது பெட்ரோலினும் குறைவே. ஆனால் முதல் வீட்டார் கொடுப்பதைப்போல் நான்கு மடங்குக்கு மேல்.

மிகுதியாக ஓட்டுபவனுக்கே மிச்சம் மிகுதி என்று கண்டோம். நாளெல்லாம் ஓட்டிப் பிழைப்பவன் யார்? வாடகைக் கார் ஓட்டுநன். அவன் நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓட்டுவானாயின் பெட்ரோலுக்கு 1,026 ரூபாய். பொது நிலையத்தில் 500 ரூபாய். மிக உயர்ந்த படியிலாயினும் தன் வீட்டில் மின்னேற்ற இயலுமாயின் 275 ரூபாய். நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதத்தில் 25 நாள் ஓட்டினும் 5,625 ரூபாய், வண்டி நிறுத்த இடமில்லை என்ற ஒரே காரணத்தால் அவன் கையை விட்டுப் போகின்றது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ வீட்டு வாடகைக்கோ உதவக்கூடிய தொகை இது. மறுபுறம், வாரத்தில் இரு முறை மாத்திரம் வண்டியை வெளியே எடுக்கும் செல்வர் தம் வீட்டு வாயிலிலேயே மலிந்த மின்சாரத்தை ஏற்றிக்கொள்கிறார். நூறாண்டுக்கு முன் மின்சாரமில்லாத வீடு மின்வண்டியைத் தடுத்தது. இன்று மின்சாரமுள்ள வீட்டில் நிற்க இடமில்லாமை தடுக்கின்றது.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறலாம். "மின்சாரக் காரே செல்வர் வாங்குவது, ஏழைக்கு வேண்டியது நல்ல பஸ்" என்பர் சிலர். பஸ் வேண்டுமென்பதில் எமக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் இதே கணக்கு இருசக்கர வண்டிக்கும் மூன்றுசக்கர ஆட்டோவுக்கும் பொருந்தும். ஆட்டோ ஓட்டுநனும் வீடுவீடாகப் பண்டம் கொண்டுசெல்லும் இளைஞனும் செல்வர் அல்லரே. மற்றொரு மறுப்பு, எல்லோரும் வீட்டில் மின்னேற்றினால் மின்வாரியம் தாங்குமா என்பது. மாலை ஏழு மணிக்கு ஊரெல்லாம் விளக்கேற்றும் வேளையில் எல்லோரும் ஒருங்கே இணைத்தால் தாங்குதல் அரிதே. வெயில் மறைந்து, விலை மிகுந்த மின்சாரத்தை வாரியம் வெளியே வாங்கும் வேளை அது. ஆனால் கார் இருபத்து நான்கு மணி நேரத்தில் பெரும்பொழுது நின்றுகொண்டே இருப்பது. 30 கிலோமீட்டருக்கு வேண்டிய 5 யூனிட்டைச் சாதாரண 15 ஆம்பியர் இணைப்பே இரண்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிடும். அவ்விரண்டு மணி நேரம் நள்ளிரவாகவும் இருக்கலாம், நண்பகலாகவும் இருக்கலாம். வேளைக்கேற்ற கட்டணம் விதிக்க வேண்டுமென்றும், வெயில் நேரத்து மின்சாரம் மலிவாக இருக்க வேண்டுமென்றும் இந்திய அரசாங்கம் 2023-இல் விதி செய்துள்ளது. அதனை வீடுகளுக்கும் விரைந்து நடைமுறைப்படுத்துதல் நன்று.

செய்யத் தக்கவை யாவை? முதலாவது, 2024-இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, வண்டிக்கு மின்னேற்றவென்று தனி இணைப்புக் கேட்க நுகர்வோருக்கு உரிமையுண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சங்கத்தார் இதனைத் தடையாகக் கருதாது, தாமே முன்னின்று கம்பி இழுக்கச் செய்ய வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் தம் குடியிருப்போர் கேட்குங்கால் மறுக்காமல், தனி மீட்டர் வைத்துக்கொள்ள உடன்பட வேண்டும். கட்டணத்தைக் குடியிருப்போனே செலுத்துவானாதலால் அவருக்கு இழப்பொன்றுமில்லை. இரண்டாவது, நகராட்சிகள் தெருவிளக்குக் கம்பங்களின் அருகிலும் பஸ் நிலையங்களின் ஓரத்திலும், மெதுவாக மின்னேற்றும் எளிய இணைப்புகளை வீட்டுக் கட்டணத்தையொட்டிய விலைக்கு அளிக்கலாம். விரைவு நிலையம் நெடுவழிப் பயணிக்கு வேண்டியது. இரவெல்லாம் தெருவில் நிற்கும் ஆட்டோவுக்கு விரைவு வேண்டியதில்லை, மலிவே வேண்டும்.

மூன்றாவது, நம் கையிலேயே உள்ளது. பகலில் வண்டிகள் நிற்பது வீட்டிலன்று; வேலைசெய்யும் இடத்தில். நம் கல்லூரி வளாகத்தில் ஆசிரியர், அலுவலர், மாணவர் ஆகியோருடைய வண்டிகள் காலைமுதல் மாலைவரை வெயிலில் காய்கின்றன. அவற்றின்மேல் கூரையிட்டு அக்கூரையில் சூரியத் தகடுகளைப் பதித்தால் நிழலும் கிடைக்கும், மின்சாரமும் கிடைக்கும். நம் நாட்டு வெயிலில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 5 கிலோவாட் கூரையொன்று, நாள்தோறும் 30 கிலோமீட்டர் வந்துபோகும் கார்கள் நான்கினுக்குப் போதும். இருசக்கர வண்டிகளாயின் இன்னும் பலவற்றுக்குப் போதும். பெற்ற யூனிட்டுக்கு உரிய விலையை அவரவர் செலுத்தட்டும். எவரும் இலவசம் கேட்கவில்லை. வாடகை வீட்டில் வாழும் இளம் ஆசிரியரும், மாடியறையில் தங்கும் எழுத்தரும், சொந்த வீட்டார் பெறும் அதே விலையைப் பெறுதலே வேண்டுவது.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிற் பலர் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். சிலர் மின்சாரக் காரிலேயே ஆண்டு விழாவுக்கு வருகிறீர்கள். அக்காரில் நீங்கள் ஆண்டுதோறும் மிச்சப்படுத்தும் பல்லாயிரம் ரூபாயில் ஒரு பகுதி, முன்னர்க் காட்டியபடி, பொதுமக்கள் உங்களுக்கு விட்டுக்கொடுத்தது. அதில் ஓராண்டு மிச்சத்தை இத்தகைய கூரைக்கு அளிப்பீர்களாயின், சொந்த வீடில்லாத ஒருவர் பல்லாண்டு அப்பயனைப் பெறுவார். மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டை எடுத்து, மேலே காட்டிய முறையில் ஒரு கார்க்கோ ஸ்கூட்டருக்கோ கணக்கிட்டுப் பாருங்கள். அண்டை வீட்டாருக்கும் கணக்கிட்டுக் கொடுங்கள். கணிதமும் பௌதிகமும் பொருளாதாரமும் ஒருங்கே பயன்படும் இடம் இதைப்போல் வேறில்லை.

மின்சாரம் பெட்ரோலினும் மலிவு என்பதைப் பற்றி இனி வழக்கில்லை. கணக்கு அதனைத் தீர்த்துவிட்டது. அம்மலிவு வாயிலில் இடமுள்ளவர்க்கு மாத்திரம் உரியதாக நிற்பதா, தெருவில் வண்டி நிறுத்துவோனையும் சென்று சேர்வதா என்பதே எஞ்சிய வழக்கு. அதனைத் தீர்ப்பது விலையன்று. நாம் எங்கெங்கே கம்பி இழுக்கிறோம் என்பதே.